பழைய படங்களுக்குப் புதிய கத்திரி

பழைய சினிமாப் படங்களும் தொலைக்காட்சி நாடகங்களும் இக்காலத்தவரின் மனத்தைப் புண்படுத்துமாயின், அவற்றைத் திருத்தி வெளியிடலாமா என்னும் கேள்வி சில ஆண்டுகளாக உலகெங்கும் அடிபட்டு வருகிறது. இது மேல்நாட்டார் விவகாரம் என்று நாம் ஒதுக்கி விடுவதற்கில்லை. கத்திரி நம் வீட்டு வாசலுக்கும் வந்துவிட்டது.

முதலில் எதிர்த் தரப்பின் நியாயத்தை ஒப்புக்கொள்வோம். நம் பழைய படங்கள் பலவற்றில் கறுத்த மேனியைக் கண்டால் கேலி; திக்கிப் பேசுகிறவரைக் கண்டால் பரிகாசம்; கன்னத்தில் அறை வாங்கிய மறு காட்சியிலேயே மனைவி திருந்திக் கணவனுடைய காலில் விழுந்து விடுகிறாள். பண்டிகை நாளில் வீடு முழுதும் கூடி உட்கார்ந்து இவற்றைப் பார்த்துச் சிரிக்கிறது. நிறத்தின் காரணமாகப் பள்ளியில் ஏற்கெனவே ஏளனத்துக்கு ஆளான சிறுமி ஒருத்தி மட்டும் சிரிக்காமல் சுவரைப் பார்த்துக் கொண்டிருக்கிறாள். 'அது அந்தக் காலத்துப் படம்' என்று அவளிடம் சொல்வது சமாதானமாகாது. படம் அந்தக் காலத்தது. சிரிப்பு இன்றையது அல்லவா? ஆகவே, அந்தச் சிறுமிக்குப் பதில் சொல்லாத எந்த வாதத்தையும் நாம் வாதமாகக் கொள்ளப் போவதில்லை.

ஆயினும், திருத்துவதால் விளைவது என்ன என்று பார்க்க வேண்டும். வால்ட் டிஸ்னி நிறுவனத்தார் 1940ஆம் ஆண்டில் 'ஃபாண்டேஸியா' என்னும் சித்திரப் படத்தை வெளியிட்டார்கள். அதில் வெள்ளை நிறப் பெண்ணுருவங்களுக்குப் பணிவிடை செய்யும் கறுப்புச் சிறுமி உருவம் ஒன்று கேலிச் சித்திரமாக வரையப்பட்டிருந்தது. 1969இல் படத்தை மறுபடி வெளியிட்டபோது அவ்வுருவத்தை நீக்கிவிட்டார்கள். சிறு குழந்தைகள் பார்க்கும் படம் என்பதால் அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் இதனால் துடைக்கப்பட்டது யாருடைய கறை? வரைந்தவர்களுடைய கறைதான். இழிவு செய்யப்பட்டவர்களுக்கோ தங்கள் இழிவைக் காட்டும் சாட்சி ஒன்று கைநழுவிப் போயிற்று.

இன்னொரு வழியையும் பார்ப்போம். 1939இல் வெளிவந்த 'கான் வித் தி விண்ட்' அமெரிக்காவின் தென் மாநிலங்களில் நிலவிய அடிமை வாழ்வைக் கண்ணுக்கினிய பொற்காலமாகக் காட்டும் படம். 2020 ஜூன் மாதத்தில் கறுப்பின மக்களின் கிளர்ச்சி அந்நாட்டை உலுக்கிய சமயம், ஹெச்.பி.ஓ. மாக்ஸ் சேவையார் அப்படத்தைத் தங்கள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். சில நாட்களில் திரும்பவும் சேர்த்தார்கள். ஆனால் ஒரு காட்சியையும் வெட்டவில்லை. திரைப்பட வரலாற்று அறிஞரும் கறுப்பினப் பெண்மணியுமான ஜாக்லின் ஸ்டூவர்ட் பேசிய முன்னுரை ஒன்றைப் படத்தின் தலைப்பில் வைத்தார்கள்.

இதே படத்தில் வேலைக்காரியாக நடித்த ஹாட்டி மக்டானியல், 1940இல் ஆஸ்கார் பரிசு பெற்றார். அப்பரிசைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. ஆனால் அட்லாண்டா நகரில் நடந்த முதற் காட்சிக்கு, அங்கு நிலவிய நிறப் பாகுபாட்டின் காரணமாக அவரால் போக முடியவில்லை. பரிசளிப்பு விருந்திலும் தனி மேஜையில்தான் அவருக்கு இடம் போட்டார்கள். படத்தில் வேலைக்காரி வரும் காட்சிகளை வெட்டினால் அந்த அம்மையாரின் நடிப்பும் அல்லவா வெட்டுப்பட்டுப் போகும்?

தம் படத்தைத் தாமே திருத்துவது கலைஞனுடைய உரிமை என்பர் சிலர். ஸ்டீவன் ஸ்பில்பெர்க் 1982இல் எடுத்த 'ஈ.டி.' படத்தில், குழந்தைகளைத் துரத்தும் அதிகாரிகள் துப்பாக்கி ஏந்தி வந்தார்கள். 2002இல் அவர் அத் துப்பாக்கிகளை மாற்றி, வாக்கி டாக்கிக் கருவிகளை அவர்கள் கையில் கொடுத்தார். 2012இல் பழைய வடிவமே திரும்ப வந்தது. அப்படிச் செய்திருக்கக் கூடாது என்று 2023இல் அவரே பகிரங்கமாகச் சொன்னார்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1939இல் கே. சுப்பிரமணியம் 'தியாக பூமி'யைப் படமாக்கினார். கல்கியின் கதை அது. புயலில் தவித்த தாழ்த்தப்பட்ட மக்களுக்கு இடம் கொடுத்த சம்பு சாஸ்திரியை ஊரார் பகிஷ்காரம் செய்கிறார்கள். அவர் மகள் சாவித்திரி, கணவனோடு வாழ மறுத்து நீதிமன்றத்தில் நிமிர்ந்து நிற்கிறாள். பின்னர் ஆங்கில அரசாங்கம் இப்படத்தைத் தடை செய்தது. அன்றைய ஆட்சியாளரின் மனத்தை அது புண்படுத்தியது என்பதே அதன் பொருள். எந்த மனம் புண்படலாகாது என்று தீர்மானிக்கும் உரிமை, கத்திரியைக் கையில் வைத்திருப்பவனுக்கே எப்பொழுதும் போய்ச் சேருகிறது என்பதை நாம் மறக்கலாகாது.

மற்றொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அக்காலத்துச் சீர்திருத்தக்காரர்கள் 'ஹரிஜன்' என்னும் சொல்லை மரியாதைச் சொல்லாகவே வழங்கினார்கள். 1933இல் காந்தியடிகள் தொடங்கிய பத்திரிகையின் பெயரும் அதுவே. அம்பேத்கர் அச்சொல்லை ஏற்கவில்லை. இன்று அம்மக்களிற் பெரும்பாலோர் அதை விரும்புவதில்லை. பழைய படங்களில் அச்சொல் வரும் இடமெல்லாம் ஒலியை அடைத்துவிட்டால், மரியாதை என்று கருதிக் கொடுத்ததைப் பெற்றுக் கொண்டவர்கள் ஏன் மறுத்தார்கள் என்ற சரித்திரமே மறைந்து விடும். மாணவர்களுக்கு நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியது அந்தச் சரித்திரத்தைத்தான்.

1975இல் 'ஷோலே' படத்தின் முடிவைத் தணிக்கை அதிகாரிகள் மாற்றச் செய்தார்கள். கொள்ளைக்காரனைத் தாக்கூர் கொல்வதற்குப் பதிலாகப் போலீஸார் வந்து தடுப்பதாகக் காட்சி அமைந்தது. முதலில் எடுத்த முடிவோடு சீர்செய்யப்பட்ட படம், ஐம்பது ஆண்டு கழித்து 2025இல் இத்தாலியிலுள்ள போலோன்யா நகரில் திரையிடப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில், 2013இல் வந்த 'ராஞ்சனா'வின் தமிழ் வடிவமாகிய 'அம்பிகாபதி', இறந்த கதாநாயகன் பிழைத்தெழும் புது முடிவோடு வெளியாயிற்று. செயற்கை நுண்ணறிவின் உதவியால் செய்த வேலை. டைரக்டர் ஆனந்த் எல். ராயும் நடிகர் தனுஷும் ஆட்சேபித்தும் பயனில்லை. முன்பு கத்திரி வெட்ட மட்டுமே செய்தது. இப்போது ஒட்டவும் கற்றுக் கொண்டுவிட்டது.

நமக்கு இதில் அச்சம் கொள்ளத் தனிக் காரணமும் உண்டு. முதல் தமிழ்ப் பேசும் படமான 'காளிதாஸ்' 1931இல் வந்தது. இன்று அதன் பிரதி ஒன்றுகூட இல்லை. தேசியத் திரைப்படக் காப்பகம் பூனாவில் தோன்றியது 1964இல்தான். அதற்குள் அழிந்தவை எத்தனையோ. பிரதிகள் இவ்வளவு அருமையாக உள்ள நாட்டில், திருத்திய பிரதியே ஒரு நாள் ஒரே பிரதியாகி விடக் கூடும்.

அப்படியானால் அந்தச் சிறுமிக்கு என்ன பதில்? பழைய படம் எல்லாவற்றையும் பண்டிகை தோறும் ஒளிபரப்பியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எதைக் காட்டுவது, எந்த நேரத்தில் காட்டுவது என்று தேர்ந்தெடுப்பது தொலைக்காட்சி நிலையத்தாரின் கடமை. ஒரு படத்தைக் காட்டாமல் விடுவது வேறு. மாற்றிவிட்டு அதுதான் பழைய படம் என்று காட்டுவது வேறு. முன்னது விவேகம், பின்னது பொய்.

மூன்று விதிகளை நாம் வேண்டுகிறோம். மூலப் படம் ஒரு சட்டமும் குறையாமல் காப்பகத்தில் இருக்க வேண்டும். குழந்தைகளுக்காக எதையேனும் குறைத்தால், குறைத்திருக்கிறது என்று படத்தின் தொடக்கத்திலேயே எழுதிக் காட்ட வேண்டும். புண்படுத்தும் பகுதி உள்ள படத்துக்கு, விஷயம் அறிந்தவர் பேசும் சிறு முன்னுரை ஒன்று வேண்டும். அவர் புண்பட்டவர்களுள் ஒருவராக இருப்பின் இன்னும் நலம்.

நான்காவது விதியை எந்தச் சர்க்காரும் போட முடியாது. வீட்டில் பெரியவர்கள் அந்தக் காட்சி வரும்போது சிரிப்பை நிறுத்த வேண்டும். 'இப்படிச் சிரித்தது தவறு' என்று பிள்ளைகள் காதில் விழும்படி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சுவரைப் பார்த்துக் கொண்டிருக்கும் சிறுமி அப்பொழுது திரும்பிப் பார்ப்பாள்.