பெட்டிக்குள்ளே ஒரு பெட்டி

பாகூரில் என் அக்கா வீட்டுக் கம்ப்யூட்டர் ஒரு நாள் காலையிலே 'டப்'பென்று கண்ணை மூடிவிட்டது. ஊராருக்கு மனுவும் பயோடேட்டாவும் அதில் டைப் அடித்துக் கொடுத்துத்தான் அக்கா மகளுக்குக் காலேஜ் சம்பளம் கட்டுகிறாள். "எஸ்.எம்.பி.எஸ். போச்சுக்கா. போறப்ப மதர்போர்டையும் இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு" என்றார் ரிப்பேர்க்காரர். மலிவு என்று வாங்கிய பெட்டி அது!

அந்த எஸ்.எம்.பி.எஸ். செய்வது என்ன தெரியுமா? சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மின்சாரத்தை, உள்ளேயிருக்கும் பாகங்கள் தாங்கும்படி 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றித் தருகிறது. மாற்றும்போது கொஞ்சம் சூடாகி வீணாகும். மட்டமான பெட்டியில் அதிகம் வீணாகும். அதற்கும் சேர்த்துத்தான் நாம் கரண்ட் பில் கட்டுகிறோம்.

ஃபிரிட்ஜுக்கு நட்சத்திரம் பார்த்து வாங்குகிறீர்கள் அல்லவா? இதற்கு '80 பிளஸ்' என்று ஒரு முத்திரை 2004-லிருந்து இருக்கிறது. பாதிச் சுமையிலே, அமெரிக்காவின் 115 வோல்ட் கணக்குப்படி, சாதா முத்திரை 80 சதவிகிதம், பிரான்ஸ் 85, கோல்டு 90. (நம் புதுவையை ஆண்ட பிரான்ஸ் அல்ல, சகோதரிகளே, இது வெண்கலம்!)

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கம்ப்யூட்டரின் உள்ளே 100 வாட் தேவை. தினம் எட்டு மணி நேரம் ஓடுகிறது. 70 சதவிகிதப் பெட்டி சுவரிலிருந்து 143 வாட் இழுக்கும். 85 சதவிகிதப் பெட்டிக்கு 118 போதும். மாதம் 6 யூனிட் மிச்சம். கோல்டுக்குப் போனால் இன்னும் ஒன்றரை யூனிட்தான் கூடும். ஆகவே வீட்டுக்குப் பிரான்ஸே போதும் என்பது என் கட்சி. தினம் ஒரு மணி நேரம் மட்டும் பாட்டுக் கேட்பவர்கள் இதற்காகப் பழசைக் கழற்ற வேண்டியதே இல்லை.

கடைக்காரர், "750 வாட் எடுத்துக்குங்கம்மா, கெத்தா இருக்கும்" என்பார். மயங்காதீர்கள்! ஒரு டம்ளர் காப்பிக்கு யாராவது அண்டாவை அடுப்பிலே ஏற்றுவார்களா? ஐந்திலொரு பங்குக்கும் கீழே சுமை இருந்தால் நல்ல பெட்டிகூட வீணடிக்க ஆரம்பிக்கும். விளையாட்டுக்கான கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத வீட்டுக்கு 400 வாட் தாராளம்.

இன்னொன்று. முத்திரை சிக்கனத்துக்கு மட்டுமே சாட்சி. உழைப்புக்கு வாரண்டி எத்தனை வருஷம் என்று கேளுங்கள். வயல் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும் ஊரானால், லேபிளில் '100-240' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். சிலவற்றில் '200-240' என்றுதான் போட்டிருக்கும்.

அக்கா இதையெல்லாம் பழைய கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டு, புதுச்சேரிக்கு பஸ் ஏறினாள். முதலில் பார்த்த கடையிலே 750 வாட்டைத்தான் எடுத்து வைத்தார்களாம்.

"காயிதத்தைக் காட்டினேன்டி. உள்ளே போய் வேற பெட்டி எடுத்துக்கிட்டு வந்தாங்க" என்றாள்.