தலைமடையும் கடைமடையும்: நீரழுத்தச் சீராக்கி தேரும் நெறி

காவிரி பாயும் தஞ்சைத் தரணியில் நீரைப் பற்றிய பேச்சு எழாத நாளில்லை. ஜூன் 12ஆம் நாள் மேட்டூர் திறக்குமா என்பதில் தொடங்கி, திறந்த நீர் பேராவூரணிப் பக்கத்துக் கடைமடைக்கு வந்து சேருமா என்பது வரை அப்பேச்சு நீளும். வயலுக்குப் பாயும் நீர்மேல் இத்தனை கருத்துடைய நாம், வீட்டுக் குழாய்க்குள் ஓடும் நீரின் விசையைப் பற்றி எண்ணிப் பார்ப்பதில்லை. இணைப்பு பிய்த்துக்கொண்டு கூடம் நனைந்த பின்னரே குழாய்ப் பணியாளரைத் தேடுகிறோம்.

குழாய்நீரின் விசையை அளவோடு நிறுத்தும் சிறு கருவியொன்று உண்டு. கடைத்தெருவில் அதனைப் 'பிரஷர் ரெகுலேட்டர்' என்பர். நாம் அதனை நீரழுத்தச் சீராக்கி எனலாம். சமையலறையில் எரிவாயு உருளையின் தலைமேல் அமர்ந்திருக்கும் ரெகுலேட்டரை அறியாதார் இலர். உருளைக்குள் அடைபட்ட வாயுவின் பெரும் விசையை அடுப்புக்கு ஏற்ற சிறு விசையாக்குவது அதன் பணி. அதே பணியை நீர்க்குழாயில் செய்வது இக்கருவி. இதனை எவர் வாங்க வேண்டும், எவருக்கு வேண்டா, வாங்குவோர் எவ்வாறு தேர வேண்டும் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அழுத்தம் எங்கிருந்து வருகிறது?

நீரின் அழுத்தம் அதன் அளவைப் பொறுத்ததன்று, உயரத்தைப் பொறுத்தது. பத்து மீட்டர் உயர நீர், அடியில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின்மீது ஏறத்தாழ ஒரு கிலோ எடையளவு அழுத்துகிறது. 1934இல் திறக்கப்பெற்ற மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அந்த 120 அடி ஆழத்தில் நீரின் அழுத்தம் மூன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். இனி, 120 அடி உயரமுள்ள மெல்லிய குழாய் ஒன்றை நட்டு, சில குடம் நீரால் நிரப்புவோம். அக்குழாயின் அடியிலும் அதே மூன்றரைக் கிலோதான்! கடல்போன்ற நீர்த்தேக்கமும் விரற்கடைக் குழாயும் அழுத்தத்தில் ஒன்றே. சிறு குழாய்தானே என்று நாம் அசட்டையாக இருத்தலாகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

நம் முன்னோர் இவ்வுண்மையைச் செயலில் அறிந்திருந்தனர். ஏரியின் அடியாழத்தில் அழுத்தம் மிகுதி என்பதால், கரையை வெட்டித் திறக்காமல், குமிழித்தூம்பு அமைத்தனர். ஏரிக்குள் இரு கற்றூண்களை நட்டு, அவற்றிடையே ஒரு தண்டினை ஏற்றி இறக்கி, அடிக்கல்லில் உள்ள அளவான துளையை அடைக்கவும் திறக்கவும் செய்தனர். துளை வழியே இறங்கிய நீர், கரையின் அடியில் செல்லும் கால்வழியே வெளியேறியது. தூம்பு, குமிழி, மதகு, கலிங்கு என்று நீரை ஆளும் பொறிகளுக்குக் கல்வெட்டுகளில் காணப்பெறும் சொற்களே ஒரு தனி அகராதியாகும். ஆற்றில் 'ரெகுலேட்டர்' வந்தபோது அதனையும் 'நீரொழுங்கி' என அழகுறத் தமிழாக்கிக் கொண்டோம். நீரை ஒழுங்கில் நிறுத்துவது என்னும் பொருள் அச்சொல்லிலேயே அமைந்துள்ளது.

அறபுலகமும் இத்துறையில் பின்தங்கியதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர் மூவரும், 1206இல் தம் பொறியியல் நூலை நிறைவுசெய்த அல்ஜஸரியும், நீர்மட்டத்துக்கேற்பத் தாமே திறந்து மூடும் அடைப்பான்களைப் படங்களோடு விளக்கியுள்ளனர். மனிதக் கை இடையறாது காவல் நில்லாமல், நீரே நீரை அடக்கச் செய்யும் எண்ணம் அவர்களிடம் தெளிவாக இருந்தது.

பாதி திருகினால் போதாதா?

'அழுத்தம் மிகுந்தால் வால்வைப் பாதி மூடி வைத்தால் போயிற்று, தனிக்கருவி எதற்கு?' என்று வினவுவோர் பலர். இங்கேதான் பிழை நிகழ்கிறது. பாதி மூடிய வால்வு நீர் ஓடும்போது மட்டுமே விசையைக் குறைக்கும். வீட்டிலுள்ள குழாய்கள் யாவும் மூடப்பட்டு ஓட்டம் நின்றவுடன், அச்சிறு திறப்பின் வழியே அழுத்தம் மெல்லப் பரவி, இருபுறமும் ஒன்றாகிவிடும். அரைக்கண் திறந்த மதகுக்குக் கீழே வாய்க்காலை அடைத்துவிட்டால், கீழ்ப்புற நீரும் மேல்மட்டத்துக்கு ஏறிவருவதை உழவர் அறிவர். குழாய் இணைப்புகள் பெரும்பாலும் நள்ளிரவில் பிய்த்துக்கொள்வதன் காரணம், அப்போது ஓட்டம் நின்று அழுத்தம் உச்சத்தில் இருப்பதே.

சீராக்கியின் உள்ளே ஒரு சவ்வும், அதன்மேல் ஒரு சுருள்வில்லும், கீழே ஓர் அடைப்பானும் உள்ளன. கீழ்ப்புறத்தில் அழுத்தம் ஏறினால், அது சவ்வைத் தள்ளி அடைப்பானை மூடுகிறது. குழாயைத் திறந்தவுடன் கீழ்ப்புற அழுத்தம் தணிய, வில் அடைப்பானைத் திறக்கிறது. ஆதலின் நீர் ஓடினும் நிற்பினும் குறித்த அளவை அழுத்தம் பெரிதும் கடவாது. வால்வுக்கும் சீராக்கிக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

எவருக்கு வேண்டும்?

வாங்கத் தொடங்குமுன், தேவை உண்டா என ஆராய்தல் அறிவுடைமை. ஒரு மாடி, இரு மாடி வீட்டின் கூரைத்தொட்டி தரும் அழுத்தம் ஒரு கிலோவைக்கூட எட்டாது. அத்தகைய வீட்டுக்குச் சீராக்கி வீண்செலவு. ஆனால் விசையேற்றும் மோட்டார் பொருத்திய வீடுகள், உயர்ந்த அடுக்குமாடிகள், பெரிய விடுதிகள் ஆகியவற்றுக்கு இது தேவைப்படலாம். பத்து மாடிக் கட்டடத்தில் மேல்மாடிக்கு நீர் சொட்டும். தரைத்தளத்தில் மூன்று கிலோ அழுத்தத்தில் பீறிடும்.

மற்றொரு சாரார் ஊர்திவீட்டில் பயணிப்போர். திரைப்படப் படப்பிடிப்புகளால் 'கேரவன்' என்னும் சொல் நம்மிடையே பரவிவிட்டது. கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தை அறிவித்தது. அமெரிக்கா போன்ற நாடுகளில் இவ்வூர்திகள் மிகப் பல. ஊர்திக்குள் ஓடும் குழாய்கள் மெல்லியவை. பயணக் குலுக்கலில் இணைப்புகள் தளர்பவை. இன்று ஓர் ஊர்க்குழாய், நாளை மற்றோர் ஊர்க்குழாய் என இணைக்கும்போது, அங்குள்ள அழுத்தம் எத்தகையது என்பது முன்கூட்டித் தெரியாது. ஆகவே அவர்கள் சதுர அங்குலத்துக்கு 40 முதல் 50 பவுண்டு, அதாவது மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு முதல் மூன்றரைக் கிலோ வரையிலான அழுத்தத்தில் நிறுத்தும் சீராக்கியைப் பயன்படுத்துகின்றனர். மேட்டூரின் 120 அடி ஆழத்து அழுத்தமும் ஏறத்தாழ இதுவே என்பது வியப்புக்குரியது.

தேரும் முறை

முதலாவது, அளந்தறிதல். அழுத்தமானி ஒன்றைக் குழாயில் பொருத்தி, யாவரும் உறங்கும் இரவில் ஒருமுறையும், இரு குழாய்கள் திறந்திருக்கும்போது ஒருமுறையும் பார்க்க வேண்டும். நோயறியாது மருந்து வாங்குதல் கூடாது.

இரண்டாவது, கீழ்ப்புறத் தேவை. வீட்டுக்கு இரண்டு முதல் மூன்று கிலோ அழுத்தம் தாராளம். வெந்நீர்க் கருவி, துணி துவைக்கும் எந்திரம் ஆகியவற்றின்மேல் அவை தாங்கும் அழுத்தம் பொறிக்கப்பட்டிருக்கும். அதனைக் கடவாதிருத்தல் வேண்டும். அளவுக்குமேல் குறைத்தாலும் மேல்மாடி வறண்டுவிடும்.

மூன்றாவது, நீரோட்டம். மலிவான சிறு பித்தளைக் கருவிகள் அழுத்தத்தோடு ஓட்டத்தையும் நெரித்துவிடும். ஒருவர் குளிக்கும்போது மற்றொருவர் பாத்திரம் துலக்க இயலாது போகும். குழாயின் விட்டத்துக்குக் குறையாத, வாய் அகன்ற கருவியே ஏற்றது.

நான்காவது, திருத்தும் வசதி. ஓரளவில் நிலைத்த கருவி விலை குறைவு. ஒரே நிலைமை உள்ள இடத்துக்கு அது போதும். திருகாணியால் அளவை மாற்றவும், மானியால் பார்க்கவும் இயலும் கருவி, நிலைமை மாறும் இடங்களுக்கு உகந்தது. ஊர்தியில் செல்வோர்க்கு அதுவே துணை.

ஐந்தாவது, நீரின் தன்மை. ஆழ்துளைக் கிணற்று நீரில் மணலும் உப்பும் கலந்து வருதல் உண்டு. ஒரு மணல் துகள் அடைப்பானில் சிக்கினாலும் கருவி மூடாது, அழுத்தம் ஏறிவிடும். ஆகவே முன்னால் ஒரு வடிகட்டி தேவை. குடிநீர் செல்லும் வழியாயின் ஈயம் கலவாத பித்தளையே நன்று.

ஆறாவது, பொருத்தும் இடம். கருவியின்மேல் உள்ள அம்புக்குறி நீர் செல்லும் திசையைக் காட்ட வேண்டும். வீட்டில் தலைவால்வை அடுத்து, கிளைகள் பிரியுமுன் பொருத்த வேண்டும். ஊர்தியாயின், நீர் தரும் குழாயின் வாயிலேயே பொருத்தினால் இடையிலுள்ள ஹோஸும் காப்புறும். வெந்நீர்க் கருவியின் பாதுகாப்பு வால்வை மட்டும் எக்காரணத்தாலும் அகற்றலாகாது.

பொருத்தியதோடு கடமை முடிவதில்லை. வில் தளரும், சவ்வு தேயும். ஆண்டுக்கொருமுறை மானி வைத்துப் பார்த்தல் நலம். 1830களில் ஆர்தர் காட்டன் முயற்சியால் எழுந்த முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில், 2018 ஆகஸ்டு 22ஆம் நாள் இரவு ஒன்பது மதகுகள் இடிந்து வெள்ளத்தில் போயின. நீரை அடக்கும் அமைப்புக்கும் முதுமை உண்டு என்பதைத் தஞ்சை மக்கள் அன்று கண்கூடாகக் கண்டனர்.

சிக்கனமும் நீதியும்

அழுத்தத்தை அடக்குவதால் குழாய் மட்டுமன்றி நீரும் காப்புறுகிறது. அழுத்தம் நான்கில் ஒன்றாகக் குறைந்தால், அதே அளவு திறந்த குழாயில் ஓட்டம் பாதியாகும். பள்ளிவாசலில் உளூச் செய்யும் இடத்தை நோக்குவோம். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு, அதாவது இரு கைகளாலும் அள்ளும் அளவு நீரில் உளூச் செய்ததாக நபிமொழி கூறுகிறது. மோட்டார் விசையில் பீறிடும் குழாயின்கீழ் அந்த அளவு நீர், கையை நீட்டுமுன்பே ஓடிவிடுகிறது. பழைய பள்ளிகளின் ஹவுளில் அமர்ந்து அள்ளிச் செய்தவர்க்கு அளவு தம் கையில் இருந்தது. இன்று அவ்வளவைக் கருவியிடம் ஒப்படைத்துள்ளோம்; ஆதலின் கருவி செம்மையாக இருத்தல் வேண்டும்.

இதனினும் பெரிதொன்று உண்டு. தலைமடைக்காரர் வேண்டிய மட்டும் திறந்துகொண்டால், கடைமடைக்காரரின் நாற்று கருகும். ஆகவேதான் ஆற்றில் நீரொழுங்கிகளும், வாய்க்காலில் முறை வைத்துப் பாய்ச்சும் வழக்கமும் தோன்றின. அடுக்குமாடிக் கட்டடத்திலும் விடுதியிலும் இதே வழக்குதான். கீழ்த்தளக் குழாய்கள் கட்டுக்கடங்காது ஓடினால், அதே குழாய்வழியை நம்பிய மேல்மாடி மாணவர் வெறும் வாளியோடு நிற்பார். கீழ்த்தளக் கிளைகளில் சீராக்கி பொருத்துவது, தலைமடை தன் பங்கோடு நின்று கடைமடைக்கு வழிவிடுவதற்கு ஒப்பாகும்.

எனவே கட்டடம் எழுப்பும் பெரியோரும், விடுதிகளையும் பள்ளிவாசல்களையும் பரிபாலிக்கும் நிருவாகத்தாரும், சுவருக்கு வண்ணம் தேருமுன் குழாயின் அழுத்தத்தை அளந்தறிதல் வேண்டும். மேலே எவ்வளவு விசை, கீழே எவ்வளவு தேவை, இறுதியில் நிற்பவர்க்கு எவ்வளவு எட்டுகிறது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கண்ட பின் கருவியைத் தேர்வோமாக. கடைமடைக்கும் நீர் சேர்வதே நல்ல பாசனம். கடைசிக் குழாய்க்கும் நீர் சேர்வதே நல்ல கட்டடம்.