அந்த 63 இடங்கள் யாருக்கு?

கும்மிடிப்பூண்டிப் பக்கத்துத் தேர்வாய் கண்டிகையில் இன்று பேச்செடுத்தால் மிச்செலின் டயர் ஆலை, 2020-இல் திறந்த நீர்த்தேக்கம், சிப்காட் வேலை என்றுதான் போகும். அந்த சிப்காட் எழுந்த 1,100 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் ஒரு காலத்தில் மேய்க்கால் புறம்போக்கு. மேய்ச்சல் போன ஊரில் கறவை மாடு கட்டுத்தறியிலேயே நின்று தவிடும் புண்ணாக்கும் தின்கிறது. நடுராத்திரியில் மாடு ஈனும்போது கன்று குறுக்கே திரும்பி மாட்டிக்கொண்டால், கையை உள்ளே விட்டு அதை நேராக்கித் தர ஒரு மாட்டு டாக்டர் வேண்டும். அந்தப் படிப்புக்கு ஆசைப்படும் பிளஸ் டூ பிள்ளைகளின் வீடுகளில் ஒரு மனக்குறை உண்டு: நம் கல்லூரி இடங்களை வெளிமாநிலத்தாருக்குக் கொடுத்துவிடுகிறார்களாமே?

கொடுக்கிறார்கள் என்பது பாதி உண்மை. இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சிலின் விதிப்படி, கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பில் 15 விழுக்காடு இடங்கள் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகின்றன. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தில் மொத்தம் 660 இடங்கள். சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு ஆகிய நான்கு கல்லூரிகளின் 420 இடங்களில் 15 விழுக்காடு, அதாவது 63 இடங்களை, அண்மை ஆண்டுகளில் அந்தக் கவுன்சில் நடத்தும் கவுன்சலிங் நிரப்பியது. தலைவாசல், உடுமலை, தேனி ஆகிய புதிய கல்லூரிகளின் 240 இடங்கள் அந்தக் கணக்கில் சேரவில்லை. ஆக, மாநிலத்துக்கு 597.

இனி மறுபாதி. அந்த 63 இடங்களும் வெளிமாநிலத்தாருக்கு மட்டும் என்று எங்கும் இல்லை. நீட் தரவரிசை வைத்திருக்கும் எந்த இந்திய மாணவரும் கேட்கலாம். கும்மிடிப்பூண்டிப் பெண் அந்த வழியிலேயே வேப்பேரிக்குள் நுழையலாம். மற்ற மாநிலங்களும் இதே 15 விழுக்காட்டைத் திறந்துவைத்திருப்பதால், அதே தரவரிசையைக் கொண்டு அவர் ஆந்திரத்தின் திருப்பதி கல்லூரியையோ கேரளத்தின் மண்ணுத்தி கல்லூரியையோ கேட்கலாம். 597 இடங்களுக்கோ நீட் தேவையில்லை: பிளஸ் டூ மதிப்பெண்ணில் உயிரியலுக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என 200-க்குக் கட்-ஆஃப். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 சட்டப்படி 7.5 விழுக்காடு முன்னுரிமையும் உண்டு.

வெளியூர்ப் பிள்ளைகள் வேப்பேரிக்கு வருவது நேற்று தொடங்கியதல்ல. 1903-இல் டாபின் ஹால் என்ற கட்டடத்தில் தொடங்கியபோது அது சென்னை மாகாணம் முழுவதற்குமான கல்லூரி. ஆந்திரமும் கேரளமும் தத்தம் கல்லூரிகளை 1955-இல்தான் தொடங்கின. தேர்வாய் கண்டிகைக்குப் பக்கத்திலேயே ஆந்திர எல்லை. அதைத் தாண்டி இருக்கும் சத்தியவேட்டுப் பையன் இன்று வேப்பேரிக்கு வெளிமாநிலத்தவன். மாடுகளுக்கு வரும் கோமாரி இந்த எல்லையைப் பார்ப்பதில்லை.

வெளிமாநிலப் பிள்ளைகளுக்கு இடம் தரும் சிக்கலை அமெரிக்காவில் வேறு விதமாகக் கையாள்கிறார்கள். கால்நடைக் கல்லூரி இல்லாத மாநிலம், கல்லூரி உள்ள மாநிலத்தோடு ஒப்பந்தம் போட்டு இடம் வாங்குகிறது. நெப்ராஸ்கா மாணவர்கள் முதல் இரண்டு ஆண்டுகளைச் சொந்த மாநிலத்திலும், அடுத்த இரண்டை அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்திலும் படிக்கிறார்கள். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம் ஐடஹோ, மொன்டானா மாணவர்களைச் சேர்த்துக்கொள்கிறது. அனுப்பும் மாநிலம் பணம் கட்டுகிறது. படித்து முடித்ததும் ஊர் திரும்பி வேலை பார்க்கவேண்டும் என்று சில மாநிலங்கள் நிபந்தனையும் போடுகின்றன.

நம் 15 விழுக்காட்டில் அந்தக் கொடுக்கல் வாங்கல் கிடையாது. இடம் மாணவரின் தரவரிசைக்குத்தான், மாநிலத்தின் தேவைக்கு அல்ல. கால்நடைக் கல்லூரியே இல்லாத கோவாவின் பிள்ளையும் இந்த ஒதுக்கீட்டில் மற்றவரோடு வரிசையில்தான் நிற்கவேண்டும்; படித்தவர் கோவாவுக்குத் திரும்புவார் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. தனி மாணவருக்கு இது நியாயமான ஏற்பாடு. மாட்டு டாக்டருக்குக் காத்திருக்கும் ஊருக்கு இதனால் பெரிய பயன் இல்லை என்பதே என் கருத்து.

பெற்றோர் கவனிக்கவேண்டியது தேதி. நீட் விண்ணப்பம் வழக்கமாக பிப்ரவரி, மார்ச்சிலேயே முடிந்துவிடும். பிளஸ் டூ முடிவு மே மாதம்தான் வரும். கட்-ஆஃப் எவ்வளவு என்று தெரிந்த பிறகு அகில இந்திய இடத்தைக் கேட்கலாம் என்று இருந்தால் அந்த ஆண்டுக்கு வாய்ப்பு போய்விடும். மாநிலக் கவுன்சலிங் போதும் என்று நினைப்பவர்களும் நீட் விண்ணப்பத்தைப் போட்டு வையுங்கள்.