சொந்தப் பெயரில் அரிசி விற்க: வணிகப் பெயரைப் பதிவு செய்வது எப்படி?

தாமிரபரணிப் பாசனப் பகுதியில் காரிலும் பிசானத்திலும் விளைந்த நெல்லைக் களத்திலேயே வியாபாரிக்கு அளந்துவிடாமல், அரைத்து அரிசியாக்கித் தாங்களே விற்கும் விவசாயிகளும் இருக்கிறார்கள். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-ல் வெளியிட்ட அம்பை 16 குண்டு ரகம், இட்லிக்கு ஏற்றது. அதனை ஐந்து கிலோ, பத்து கிலோ பைகளில் கட்டினால் வீடுகளில் விரும்பி வாங்குகிறார்கள். வாழைக்காய் சிப்ஸ், அப்பளம், கருப்பட்டி போட்டு விற்பவர்களும் உண்டு. பையில் ஒரு பெயரை அச்சிட வேண்டும் என்னும்போதுதான், அதை எந்த ஆபீசில் பதிவு செய்வது என்ற கேள்வி எழுகிறது.

தனி ஒருவர் நடத்தும் தொழிலின் பெயரைப் பதிவதற்கென்று நம் நாட்டில் தனிப் பதிவேடு கிடையாது. கம்பெனிக்கு உண்டு. 1932-ம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டப்படி கூட்டு வியாபாரத்துக்கும் உண்டு. தனி உரிமையாளரைப் பொறுத்தவரை ஆளும் தொழிலும் சட்டத்தின் முன் ஒன்றே. கடையின் பெயரில் வாங்கிய கடன் அவருடைய சொந்தக் கடனேயாகும். தொழில் நொடித்தால் கடைச் சரக்கோடு பொறுப்பு நின்றுவிடாது. அண்ணனும் தம்பியும் லாபத்தைப் பங்கிட்டுக்கொண்டு சேர்ந்து நடத்தினால் அது தனி உரிமைத் தொழில் ஆகாது. அதற்குக் கூட்டு ஒப்பந்தம் எழுதிக்கொள்வதே நல்லது.

பிறகு எதற்குப் பதிவு? முதல் காரணம் வங்கி. கடைப் பெயருக்கு எழுதிய செக்கை விவசாயியின் சேமிப்புக் கணக்கில் போட இயலாது. கடைப் பெயரில் நடப்புக் கணக்கு தொடங்க, அப்பெயரில் தொழில் நடப்பதைக் காட்டும் இரண்டு சான்றுகளை வங்கிகள் கேட்கின்றன. அவற்றில் ஒன்று 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள உத்யம் பதிவு. ஆதார், பான் எண்களைக் கொண்டு அரசின் இணையதளத்தில் இதைச் செய்துகொள்ளலாம். கட்டணம் எதுவும் இல்லை. ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் தரகர்களிடம் போக வேண்டாம். மாவட்டத் தொழில் மையத்தில் விசாரித்தால் வழி சொல்வார்கள். யாருடைய ஆதாரில் பதிகிறோமோ அவரே உரிமையாளர் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். கணினி தெரிந்தவன் என்று மகன் பெயரில் பதிந்துவிட்டு, பின்னர் தொழில் தன்னுடையது என்று தகப்பனார் வாதிடுவது கடினம்.

அடுத்த சான்று உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு. விளைநிலத்தில் உள்ள பயிருக்கும் விளைச்சலுக்கும் இது தேவையில்லை. அரைத்துப் பையில் அடைத்தவுடன் தேவைப்படுகிறது. அதில் கிடைக்கும் 14 இலக்க எண்ணைப் பையில் அச்சிட வேண்டும்.

இந்த இரண்டு பதிவும் கையில் வந்ததும் பெயர் தனக்கே சொந்தமாகிவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படி இல்லை. அதே பெயரில் வேறொருவரும் உத்யம் சான்று பெறலாம். பெயரைக் காப்பது 1999-ம் ஆண்டு வணிகக் குறிச் சட்டத்தின் கீழ் செய்யும் பதிவுதான். தமிழ்நாட்டுக்கான பதிவகம் சென்னை கிண்டியில் உள்ளது. இணையவழியில் விண்ணப்பிக்கும் தனிநபருக்கு ஒரு வகுப்புக்கு ரூ.4,500 கட்டணம். அரிசி 30-வது வகுப்பிலும் சிப்ஸ் 29-வது வகுப்பிலும் வருவதால், இரண்டையும் விற்பவருக்குச் செலவு இரட்டிப்பாகும். விண்ணப்பம் அரசு இதழில் வெளியான பின் நான்கு மாதத்துக்குள் எவரும் ஆட்சேபிக்கலாம். பதிவு பத்தாண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். பதிவு கிடைக்கும் முன்பே வட்டத்துக்குள் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தைப் பையில் போடுவது குற்றம்.

எந்தப் பெயரை வைப்பது என்பதில்தான் தவறு அதிகம் நேர்கிறது. ஊர்ப் பெயரை மட்டும் வைத்தால் பொதுவாகப் பதிவு கிடைப்பதில்லை. 'திருநெல்வேலி அல்வா' என்று எத்தனை கடைப் பலகைகளில் எழுதியிருக்கிறது என்று பார்த்தாலே காரணம் விளங்கும். பத்தமடைப் பாய், ஆத்தூர் வெற்றிலை, உடன்குடிக் கருப்பட்டி ஆகியவை புவிசார் குறியீடு பெற்றவை; அப்பெயர்கள் அந்தந்தப் பகுதி உற்பத்தியாளர்களின் பொதுச் சொத்து. சாமி பெயரும் உறுதியான பாதுகாப்பு அல்ல. ஊதுபத்திக்கு 'ராமாயண்' என்று பெயரிட்டவர் அதைத் தமக்கே உரியதாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2015-ல் தீர்ப்பளித்தது. வீட்டுப் பெயர், பாட்டனார் பெயர், வயலுக்கு வழங்கும் பெயர் போன்றவை மேல். பதிவகத்தின் இணையதளத்தில் அதே பெயர் இருக்கிறதா என்று இலவசமாகத் தேடிப் பார்த்த பிறகே பையை அச்சடிக்கக் கொடுக்க வேண்டும்.

ரூ.4,500 செலவிட இயலாதவர்கள் முதல் நாளிலிருந்தே பெயர் அச்சிட்ட பில் புத்தகம் வைத்து, அடிக்கட்டைகளைப் பத்திரப்படுத்துவது அவசியம். பிற்காலத்தில் வேறொருவர் அப்பெயரைப் பதிந்தாலும், முன்பே பயன்படுத்தியவரின் உரிமையைச் சட்டம் ஏற்கிறது. அதற்கு அத்தாட்சி இந்தப் பழைய பில்களே.

பையில் பெயர், முகவரி, நிகர எடை, அடைத்த மாதம், ஆண்டு, அதிகபட்ச சில்லறை விலை, புகாருக்கான தொலைபேசி எண் ஆகியவை இருக்க வேண்டும். பையில் அடைத்து விற்பவர் தொடங்கிய 90 நாளுக்குள் எடையளவுச் சட்டப்படி பதிந்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறை.

ஜி.எஸ்.டி.யைப் பொறுத்தவரை, மாநிலத்துக்குள் சரக்கு மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை ரூ.40 லட்சத்தைத் தாண்டும்வரை பதிவு தேவையில்லை. ஆனால் கேரளம் நமக்குப் பக்கம். வாழைத்தாரை அங்கு அனுப்பினால் வரி இல்லை. அதே தாரைச் சிப்ஸாக்கியோ, பெயர் அச்சிட்ட 25 கிலோவுக்கு மேற்படாத அரிசிப் பையாகவோ எல்லை தாண்டி விற்றால், விற்பனை எவ்வளவு சிறிதாயினும் பதிவு பெற்றாக வேண்டும்.