சங்கிலி வைத்த வேகம்

1913 ஏப்ரல். டெட்ராய்ட்டை ஒட்டிய ஹைலண்ட் பார்க்கில் உள்ள ஃபோர்டு தொழிற்சாலை. மாடல் டி காருக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோவை அதுவரை ஒரே தொழிலாளி முழுதாகக் கோத்து முடிப்பார். ஒன்றுக்குச் சுமார் 20 நிமிடம். அந்த வேலையை 29 பேருக்குப் பிரித்தார்கள். ஒருவர் காந்தத்தைப் பொருத்துவார், இன்னொருவர் நட்டைப் போடுவார், வேறொருவர் அதை முறுக்குவார். நேரம் 13 நிமிடம் 10 விநாடியாகக் குறைந்தது. குனிந்தே வேலை பார்த்ததில் முதுகு வலித்தது. வரிசையை 8 அங்குலம் உயர்த்தியதும் 7 நிமிடம் போதுமானது. ஆனாலும் சிலர் முந்தினார்கள், சிலர் பின்தங்கினார்கள். கடைசியில் பாகங்களை நகர்த்தச் சங்கிலியைப் பூட்டினார்கள். 5 நிமிடம்!

தொழிற்சாலை வரலாறே மாறிய இடம் என்று நான் நினைப்பது இந்தச் சங்கிலியைத்தான். வேலையைப் பங்குபோடுவது பழைய வழக்கம். ஆளை நோக்கி வேலை நகர்ந்து வருவதும் சிகாகோ இறைச்சிக் கூடங்களில் ஏற்கெனவே இருந்தது. நிறுவனர் ஃபோர்டே அதைச் சொல்லியிருக்கிறார். இங்கே கைமாறியது வேகம். இனி கை ஓய்ந்தாலும் வேலை நிற்காது.

ஒரு காரின் சேஸிஸைப் பூட்ட ஆன பன்னிரண்டரை மணி நேரம், 1914-இல் 93 நிமிடமானது. 1908-இல் 850 டாலருக்கு விற்ற கார் 1925-இல் 260 டாலருக்குக் கிடைத்தது. சாமானியரும் கார் வாங்கினார்கள். அது பெரிய சாதனைதான், மறுப்பதற்கில்லை.

ஆனால் அதைச் செய்த மனிதர்கள் அங்கே நிலைக்கவில்லை. 1913-இல் சுமார் 14,000 பேரை வேலையில் வைத்திருக்க 52,000 பேருக்கு மேல் சேர்க்க வேண்டியிருந்தது. மறு ஆண்டு ஜனவரியில் வந்ததுதான் புகழ்பெற்ற 5 டாலர் தினக்கூலி. அதைப் பெருந்தன்மை என்று எழுதுபவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. ஓடுபவர்களை நிறுத்தக் கொடுத்த விலை அது. அதிலும் ஏறக்குறைய பாதி, லாபப் பங்கு என்ற பெயரில் வந்தது. தொழிலாளியின் வீட்டுக்கே ஆள் அனுப்பி, அவர் ஒழுங்காக வாழ்கிறாரா என்று விசாரித்துத்தான் கொடுத்தார்கள்.

வேகத்தின் மீது எழுந்த, கூலியால் தீராத குறை, 1936 டிசம்பரில் ஃபோர்டின் போட்டி நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் ஃபிளின்ட் நகரத்து ஆலைகளில் வெடித்தது. தொழிலாளர்கள் வெளியேறாமல் உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு கண்ணி நின்றால் மொத்த உற்பத்தியும் நிற்கும் என்பதை அந்த வரிசையே அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. 44 நாள் போராட்டத்துக்குப் பிறகு நிர்வாகம் தொழிலாளர் சங்கத்தை அங்கீகரித்தது. உற்பத்தி வேகத்தை இரு தரப்பும் சேர்ந்தே முடிவு செய்ய வேண்டும் என்ற கோரிக்கைக்கு மட்டும் அது இணங்கவில்லை.