விளக்கைக் கொடுத்தால் போதுமா?

மும்பையிலும் பெங்களூருவிலும் வாழும் நமக்குப் பத்து நிமிடம் மின்சாரம் தடைப்பட்டாலே பொறுமை போய்விடுகிறது. சிக்னல் இல்லையென்றால் ஊரிலிருக்கும் தாயாரின் குரலைக் கேட்க வழியில்லை. இவ்விரண்டுமே எட்டாத மலைவாழ் மக்கள் நம் தேசத்தில் அநேகர்.

2017-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் ராஜஸ்தானின் உதய்ப்பூர் மாவட்டத்துப் பழங்குடிக் கிராமங்களில் நடந்ததைக் கேளுங்கள். ரேஷன் கடையின் கைரேகை இயந்திரம் இயங்க இணையம் வேண்டும். ஆகவே கோதுமைக்காக வந்தவர்கள் சிக்னல் கிடைக்கும் மேட்டைத் தேடி ஏற வேண்டியதாயிற்று. இணையம் அவர்களுக்கு ஆடம்பரமல்ல; அன்றைய ஆகாரம்.

காட்டுக்குள் சிதறிக் கிடக்கும் சில வீடுகளுக்காகக் கம்பி இழுப்பது பெருஞ்செலவு. எனவே சூரிய ஒளியே ஏற்ற வழி. மிகவும் நலிவுற்ற 75 பழங்குடிச் சமூகங்களுக்காக 2023 நவம்பரில் மத்திய அரசு 'பி.எம். ஜன்மன்' திட்டத்தைத் தொடங்கியது. அதன்கீழ் மின்சாரமில்லாத 1 லட்சம் வீடுகளுக்குச் சூரிய மின்சாரம் அளிக்க 2024 ஜனவரியில் ரூ.515 கோடியில் திட்டம் அறிவிக்கப்பட்டது. கைபேசிக் கோபுரங்களும் இத்திட்டத்தில் உண்டு.

நல்ல காரியம்தான். ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். சூரியத் தகடு 25 ஆண்டுகள் உழைக்கும். சாதாரண ஈய பேட்டரியோ மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் தளர்ந்துவிடும். அதற்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும்; தகட்டின் தூசியைத் துடைக்க வேண்டும். பழுதுபார்ப்பவர் நகரத்திலேயே இருந்தால், விளக்கு அணைந்த வீடு அணைந்தபடியே கிடக்கும்.

இதற்கும் ராஜஸ்தானிலேயே ஒரு மாதிரி உண்டு. அஜ்மீர் மாவட்டம் திலோனியாவில் 1972-இல் பங்கர் ராய் நிறுவிய 'பேர்ஃபுட் காலேஜ்', எழுதப் படிக்கத் தெரியாத கிராமத்துத் தாய்மாருக்கும் பாட்டிமாருக்கும் சூரிய விளக்குகளைப் பொருத்தவும் பழுதுபார்க்கவும் கற்றுக்கொடுத்தது. அயல்நாட்டுப் பெண்களும் வந்து ஆறு மாதம் பயின்றார்கள். மொழி தெரியாதவர்களுக்கு நிறங்களும் சைகைகளுமே பாடமாயின. திரும்பிச் சென்ற தாய், தன் ஊருக்குப் பொறியாளரானாள்.

'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?' என்பார்கள். வாங்குகிறவர் பார்க்க வேண்டாம். கொடுக்கிற நாம் பார்க்கவேண்டும். மலைக்கிராமத்திற்குச் சூரிய விளக்கு வாங்கக் காணிக்கை கேட்கப்படும்போது, மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: அந்த ஊரில் பழுதுபார்க்கக் கற்றவர் யார்? அடுத்த பேட்டரிக்குப் பணம் எங்கே? இவ்வூரார் இதைக் கேட்டார்களா? பதில் கிடைத்தபின் மனமுவந்து கொடுங்கள்.