ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் முடியுமா? செல்போன் கோபுரத்துக்குக் காது கொடுக்கும் தொழில்நுட்பம்!

செவ்வாய்க்கிழமை மதகடிப்பட்டு வாரச் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். காய்கறிக்காரர் தொண்டை கிழியக் கூவும்போது, எதிரில் நிற்பவர் மெல்லச் சொல்வது அவர் காதில் ஏறாது. செல்போன் கோபுரத்துக்கும் இதே சிக்கல்தான். அது அனுப்பும் சிக்னல், தூரத்து போனிலிருந்து வரும் சிக்னலைவிடப் பல கோடி மடங்கு வலுவானது.

அதனால்தான் இன்று அனுப்புவதற்கும் பெறுவதற்கும் தனித்தனி அலைவரிசை, அல்லது ஒரே அலைவரிசையில் மாறி மாறி நேரம். மில்லி விநாடிக் கணக்கில் மாறுவதால் நமக்குத் தெரிவதில்லை.

அலைவரிசைதான் தங்கம்

2022-ல் நடந்த 5ஜி ஏலத்தில் அலைவரிசை சுமார் 1.5 லட்சம் கோடி ரூபாய்க்குப் போனது. ஒரே அலைவரிசையில் ஒரே நேரத்தில் இரண்டு வேலையும் நடந்தால், அதே காசுக்கு இரு மடங்கு வரை டேட்டா அனுப்பலாம். இதன் பெயர் 'ஃபுல் டூப்ளெக்ஸ்'.

2010-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் செய்து காட்டினார்கள். அனுப்பும் ஆன்டெனாக்கள் இரண்டு. பெறும் ஆன்டெனாவிலிருந்து அவை இருக்கும் தூரத்தில் அரை அலைநீளம் வித்தியாசம். வைஃபைக்கு அது சுமார் 6 சென்டிமீட்டர்தான். ஒன்றின் மேடு மற்றொன்றின் பள்ளத்தில் விழ, இரைச்சல் அடங்கிவிடும். 2013-ல் தினேஷ் பராடியா, சச்சின் கட்டி குழுவினர் ஒரே ஆன்டெனாவை வைத்து, சொந்த இரைச்சலை 10,000 கோடி மடங்கு குறைத்தார்கள்.

பொள்ளாச்சிக்காரரின் பங்கு

சொந்தக் குரலை அடக்கினால் போதாது. ஒருவர் வீடியோ அனுப்பும் நொடியில் பக்கத்தில் இருப்பவர் படம் பார்த்தால், ஒருவர் சிக்னல் மற்றவர் போனுக்குத் தொல்லை. எனவே தள்ளித் தள்ளி இருக்கும் போன்களை ஜோடி சேர்க்க வேண்டும். பல ஆன்டெனாக்களால் சிக்னலை வேண்டிய திசைக்கு மட்டும் திருப்பவும் வேண்டும்.

இங்கே கைகொடுப்பது 'மைமோ' எனும் பல ஆன்டெனா நுட்பம். இதற்கு 1992-ல் காப்புரிமை கோரியவர், பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். இந்தியக் கடற்படைக்கு சோனார் கருவி உருவாக்கியவர். 2014-ல் மார்கோனி பரிசு பெற்றார்.

நம் போனுக்கு எப்போது?

போனுக்குள் இடமும் பேட்டரியும் குறைவு. எனவே முதலில் கோபுரங்களில் மட்டும் இதைக் கொண்டுவரவே 5ஜி தர விதிகளில் வேலை நடக்கிறது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: சிக்னலே எட்டாத கிராமத்துக்கு இது மருந்தல்ல. அங்கே தேவை புதுக் கோபுரம். சிக்னல் முழுதாக இருந்தும் நெரிசலில் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறதே, அதற்குத்தான் இது!